சுவரில் குடியிருந்தவர்கள்

ஐப்பசி பன்னிரண்டு, புதன்கிழமை, காலை ஒன்பதே முக்கால். ஜவ்வாது மலையில் லேசான தூறல். அப்பா கட்டிய மண்சுவர் வீட்டை இடித்துவிட்டு கான்கிரீட் வீடு கட்டுவதென்று முடிவு செய்திருந்தேன். பதினான்கு விரிசல்களை எண்ணி எழுதியும் வைத்திருந்தேன். சந்தவாசலிலிருந்து வந்த கட்டடக் கலைஞர், என் மகள் வயதுப் பெண், ஒப்பவில்லை. "சொவுரு கல்லாட்டம் நிக்குதுங்க ஐயா. கூரைய மாத்தி, இங்க ஒரு சன்னல் வச்சா போதும்" என்று பூச்சைச் சுரண்டினார். புளிப்பும் இனிப்புமாக ஒரு வாசனை வந்தது. கொசுத்தேன்.

எனக்கு அப்போது ஏழு வயது. கொட்டத் தெரியாத அந்தக் குட்டித் தேனீக்கள் இந்தச் சுவருக்குள்தான் கூடு வைத்திருந்தன. சுண்டுவிரல் பருமனில் ஒரு மெழுகுக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அப்பா அதைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிடுவார்.

"வூடு பூரா வெள்ள, அங்க மட்டும் இன்னாய்யா சொறி?" என்பாள் அம்மா.

"அதுங்க வாசல அதுங்க பாத்துக்கும். நீ உன் வாசலப் பெருக்கு."

அம்மா ஒரு படி சாமை குத்தி முடிப்பதற்குள் இருநூற்றுப் பதினாறு தேனீக்கள் உள்ளே போனதை நான் எண்ணியிருக்கிறேன்.

இப்போதும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒன்பது வரை எண்ணியபோது அந்தப் பெண் உளியை எடுத்தார்.

"அங்க கை வைக்காதீங்கம்மா."

"வந்ததும் மொத்தமா இடிக்கச் சொன்னீங்களே ஐயா" என்று சிரித்தார்.

வீடு இடிபடவில்லை. மொத்தச் செலவு ஆறு லட்சத்து நாற்பதாயிரம். அதில் சன்னலை இரண்டடி தள்ளி வைத்ததற்கு மட்டும் மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய்.