சொம்பில் இருந்த அக்கா

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது மாப்பிள்ளை வீட்டில் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். அவள் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. என் கணவரின் முதல் மனைவி. ஏழாம் மாதத்தில் காய்ச்சல் வந்து, தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார்கள். பாகூர் பக்கத்தில் இப்படிப் பூவும் பொட்டுமாகப் போனவளைப் பூவாடைக்காரி என்பார்கள். வீட்டில் நல்லது நடக்கும்போது அவளைத்தான் முதலில் அழைத்து உட்கார வைக்க வேண்டும். அழைக்காவிட்டால் கோபித்துக்கொள்வாள். அழைத்துவிட்டால் அவளே காவல்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஏரிக்கரையில் பம்பை அடித்து அவளை அழைத்தார்கள். நான் வில்லியனூரில் என் அம்மா வீட்டில் மருதாணியோடு உட்கார்ந்திருந்ததால், பிறகு வீடியோவில்தான் பார்த்தேன். மாமியார் ஏரித் தண்ணீரை ஒரு பித்தளைச் சொம்பில் மொண்டு தூக்கிப் பிடிக்கிறார். பம்பைக்காரர் பாடப்பாட அவருடைய கை மெல்லக் கீழே இறங்குகிறது. "கனக்குதுபா, வந்துட்டா" என்று மாமியார் சொல்வது கேட்கிறது. கை வலித்திருக்கும் என்று சிரித்துவிட்டு, அந்த இடத்தை மட்டும் நாலைந்து முறை திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.

அந்தச் சொம்பை உள்ளறை மூலையில் புதுச்சேலை, பூச்சரத்தோடு வைத்திருந்தார்கள். தண்ணீர் வற்றக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். வெள்ளிக்கிழமைதோறும் ஏரியிலிருந்து ஒரு கை தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். அது புது மருமகள் வேலை. "அக்காவுக்குத் தண்ணி வெச்சியா?" என்று மாமியார் கேட்பார். உயிரோடிருப்பவளுக்குக் காபி கொடுத்தாயா என்று கேட்கிற அதே குரலில் கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருடமே கர்ப்பமானேன். நான்காம் மாதம் கலைந்துவிட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் என்னிடம் பேசிக்கொண்டே உள்ளறையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். தனக்குக் கிடைக்காத பிள்ளையை எனக்கு மட்டும் எதற்கு விட்டுக்கொடுப்பாள் என்று தோன்றியது. அந்த எண்ணம் வந்ததற்காக என்மேலேயே எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் மாமியாரும் கணவரும் கோயிலுக்குப் போன நேரத்தில் சொம்பை எடுத்துப் போய்த் தென்னை மரத்தடியில் கவிழ்த்தேன். குழாய்த் தண்ணீரைப் பழைய அளவுக்கே பிடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமியார் துடைப்பதற்காகச் சொம்பைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார்.

"இன்னாடி இது, சொம்பு லேசா கீது?"

"வெயிலுக்கு வத்தியிருக்கும் அத்தை."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். தண்ணீர் இருந்த அளவிலேயே இருந்தது. வைத்துவிட்டுக் கற்பூரம் ஏற்றினார். அதன்பிறகு வெள்ளிக்கிழமைத் தண்ணீரையும் குழாயிலேயே பிடித்து ஊற்றினேன். பல மாதங்கள் அந்த வீடு குழாய்த் தண்ணீரைக் கும்பிட்டது. நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

நான் கால்நடை நோய் ஆய்வுக்கூடத்தில் டெக்னீசியன். அந்தச் சமயம் இருமி இருமி இளைத்துக்கொண்டே போன சில செம்மறி ஆடுகளின் ரத்தம் சோதனைக்கு வந்திருந்தது. நுரையீரலில் கட்டி உண்டாக்கும் ஒரு வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஆட்டு ரத்தம் வேண்டுமே என்று, எங்கள் தெருவில் மேய்கிற கொழுத்த செம்மறி ஒன்றிடம் எடுத்துப் போனேன். சோதனை முடிந்து பார்த்தால், வைரஸ் இருப்பதைக் காட்டும் வெள்ளைக் கோடு அந்த ஆட்டுக்கும் விழுந்திருந்தது. கை தவறிவிட்டது என்று மறுபடி செய்தேன். மறுபடியும் கோடு. இன்னும் நாலு நல்ல ஆடுகளின் ரத்தத்தைப் போட்டேன். நாலிலும் கோடு. ரத்தத்துக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றிய சோதனைக் குழியில் மட்டும் ஒன்றுமில்லை.

பயந்துபோய் அதிகாரியிடம் காட்டினேன். அவர் சிரித்தார். "நீ தேடுன எடம் தப்புமா. அது பழசையும் சேத்துக் காட்டும். உள்ளயே கீற பழசு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். உள்ளேயே இருக்கிற பழசு என்றால் என்ன? மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு நானே தேடிப் படித்தேன்.

எந்தக் காலத்திலோ ஆட்டின் முன்னோர்களை ஒரு வைரஸ் தொற்றியிருக்கிறது. அது எத்தனை ஆடுகளைக் கொன்றது என்று யாருக்கும் தெரியாது. ஏதோ ஓர் ஆட்டின் விந்திலோ கருமுட்டையிலோ புகுந்து, அதன் மரபணுவுக்குள்ளேயே தங்கிவிட்டது. அன்றிலிருந்து தாய்க்குப் பின் குட்டி, குட்டிக்குப் பின் அதன் குட்டி என்று வழிவழியாக வந்துகொண்டிருக்கிறது. இப்போது பிறக்கிற ஒவ்வொரு செம்மறிக் குட்டியும் அந்தச் செத்த வைரஸின் துண்டுகளோடுதான் பிறக்கிறது. நல்ல ஆடுகளிலும் விழுந்த கோடு அதுதான். அவை சும்மாவும் கிடக்கவில்லை. அதே இனத்து வைரஸ் வெளியிலிருந்து வந்தால், செல்லுக்குள் நுழையும் வாசலில் பழசு முன்னாலேயே உட்கார்ந்துகொண்டு வழியை அடைக்கிறது. தப்பித்து உள்ளே வந்துவிட்டதையும் வெளியே பரவ விடாமல் பிடித்து வைக்கிறது. கொல்ல வந்தது காவலுக்கு நிற்கிறது.

அது மும்முரமாக வேலை செய்கிற இடம் கர்ப்பப்பை. சினையாட்டில் அந்தப் பழைய மரபணுவை அடக்கிப் பார்த்திருக்கிறார்கள். கரு தங்கவில்லை.

டிபன் பாக்ஸை மூடிவிட்டேன். எனக்கு அப்போது மறுபடி இரண்டு மாதம். வீட்டில் இன்னும் சொல்லியிருக்கவில்லை. ஆட்டு வைரஸுக்கும் ஒரு சொம்புத் தண்ணீருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று எனக்கு நானே விளக்கினேன். அந்தக் காவலும் தன் இனத்தை மட்டும்தான் தடுக்கும், கண்ட காய்ச்சலையெல்லாம் தடுக்காது என்றும் சொல்லிக்கொண்டேன். எல்லாம் சரிதான். ஆனாலும் உள்ளறையைக் கடக்கும்போதெல்லாம் வயிற்றில் கை வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். அந்த மூலை காலியாக இருந்தது. அது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. முன்பு அவள் இருக்கிறாளோ என்று பயந்தேன். இப்போது இல்லையே என்று பயந்தேன்.

ஒரு லீவு நாளில் பஸ் பிடித்துச் சுத்துக்கேணிக்குப் போனேன். அவளைப் பெற்ற அம்மா அங்கே இருந்தார். இரண்டாம் தாரமாக வருகிறவள் முதல் தாரத்தின் பிறந்த வீட்டுக்கும் மகள்தான். கல்யாணமான புதிதில் ஒருமுறை போய்ச் சேலை வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். அவர் முறத்தில் மல்லாட்டைத் தோலை உடைத்துக் கடலை எடுத்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"ஊத்திட்டியா?"

"ஊத்திட்டேம்மா."

"எங்க?"

"தென்னமரத்தாண்ட."

அவர் ஒரு மல்லாட்டையை உடைத்து முறத்தில் போட்டார். "அங்க வெயில் படுமா?" என்று கேட்டார்.

நிழல்தான் என்றேன். நீங்கள் கூப்பிட்டால் திரும்பி வருவார்களா என்று கேட்டேன்.

"நான் கூப்புட்டா வரமாட்டா. வருசா வருசம் சேலை வெச்சிக் கூப்புடறேன், ஒரு வாட்டி கூட வந்ததில்ல. கட்டிக் குடுத்த வூட்டுக்குத்தான் வருவா. நீயே போய்க் கூப்புடு."

"இன்னான்னு கூப்புடறதும்மா?"

"அக்கான்னு கூப்புடு. வேற இன்னா?"

மறுநாள் உச்சி வெயிலில் சொம்பைக் காலி செய்து எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். கரையில் ஒரு ஈ காக்கை இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்றபோது வெட்கமாக இருந்தது. மெதுவாக ஒரு தடவை கூப்பிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் கூட அசையவில்லை. காற்று நின்றிருந்ததா, எனக்குக் காது அடைத்திருந்ததா தெரியாது, எந்தச் சத்தமும் இல்லை. முக்கால் சொம்பு மொண்டுகொண்டு நடந்தேன். பாதி வழியில் கை இறங்கியது. மாசமாக இருப்பவளுக்குக் கை சோர்வது சகஜம் என்று சொல்லிக்கொண்டே, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அந்த வெள்ளிக்கிழமை மாமியார் சொம்பைத் தூக்கினார். என்னை ஒரு தரம் பார்த்தார். இரண்டு கையாலும் பிடித்துத் துடைத்து வைத்தார்.

ஏழாம் மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது.

வீடு அப்படியே உறைந்துபோனது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தேன். கணவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காராமல் வராந்தாவிலேயே நடந்துகொண்டிருந்தார். அவர் இதே வராந்தாவில் முன்பும் நடந்திருக்கிறார். காய்ச்சல் மருந்தில்தான் இறங்கியது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அனல் ஏறிக் கிடந்த அந்த மூன்று நாளும் என் வயிற்றுக்கும் வெளிக்கும் நடுவே, வாசலை அடைத்துக்கொண்டு, யாரோ முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது போல இருந்தது. முகத்தை நான் பார்க்கவில்லை. திரும்பிவிடாதே என்று வேண்டிக்கொண்டே இருந்தேன். மனிதக் கருவின் நஞ்சுக்கொடியிலும் ஒரு பழைய வைரஸின் மரபணு அப்படிக் காவல் இருக்கிறது என்று பின்னால் படித்தபோது ஆச்சரியம் வரவில்லை.

பெண் குழந்தை. நல்லபடியாகப் பிறந்தது.

சுத்துக்கேணி அம்மா பார்க்க வந்தார். குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். உள்ளறைப் பக்கம் பார்த்தார், எழுந்து போகவில்லை. சம்பந்தி வீட்டில் சத்தம் போட்டுக் கேட்கக் கூடாததைக் கேட்பது போலக் குரலைத் தாழ்த்தினார்.

"அவ இங்க நல்லா கீறாளா?"

"நல்லா இருக்காங்கம்மா. எங்கள நல்லாப் பாத்துக்கறாங்க."

தலையாட்டினார். கொஞ்ச நேரம் குழந்தையின் கால்விரல்களைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னிய எப்பனா கேட்டாளா?"

ஆய்வுக்கூடத்தில் சோதனை செய்து பார்க்காத எதையும் நான் எழுதிக் கொடுத்ததில்லை. "கேக்காத நாளில்லம்மா" என்றேன். கடைசி பஸ் போகும்வரை அவர் எழுந்திருக்கவே இல்லை.