மறுமுனையில் கேட்ட கேள்வி

1994 டிசம்பர், ஒரு ஞாயிறு. கடற்படை வாரத்தை ஒட்டி ஒரு நாசகாரிப் போர்க்கப்பலைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்றார்கள். மனைவி இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. சேலையூரிலிருந்து துறைமுகத்துக்குத் தனியாகவே போனேன். ஏவுகணை, பீரங்கி, ரேடார் எல்லாம் புத்தகத்தில் படித்தவைதான். வியந்து சொல்லத்தான் பக்கத்தில் ஆளில்லை.

மேல்தளத்தில் ஒரு தொலைபேசி இருந்தது. மின்சாரம் வேண்டாம், பேசுகிறவரின் குரலிலேயே இயங்கும் என்றார் மாலுமி. குடும்பங்களில் பாதிப்பேர் கப்பலின் பின்முனைக்கு ஓடி, அங்கிருந்த இன்னொரு தொலைபேசியில் பேசிச் சிரித்தார்கள்.

என் முறை வந்தது.

"அந்தப் பக்கம் உங்க ஆளு யாரு சார்?"

"யாரும் வரலை."

"சும்மா காதுல வெச்சுப் பாருங்க."

"அலோ! யாருப்பா அது?" என்றது ஒரு பெண்குரல்.

"தனியா வந்திருக்கேம்மா. பேச ஆளில்லை."

"அதுக்கின்னாண்ணா, நான் பேசறேன். கோவளத்துலேர்ந்து வந்துகீறோம். சாப்ட்டியா?"

"இன்னும் இல்லை."

"மணி இன்னா ஆவுது! மொதல்ல போய் சாப்புடு. கப்பல் எங்கியும் ஓடிடாது."

பின்முனைக்குப் போய்ப் பார்த்தேன். கூட்டத்தில் அவர் யாரென்று தெரியவில்லை.

ஏவுகணை எவ்வளவு தூரம் பாயும் என்று மாலுமி சொன்னது இன்று நினைவில்லை. அன்று கப்பலிலிருந்து இறங்கியதும், கொண்டுபோன தயிர்சாதத்தை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டது நினைவிருக்கிறது.