மாமாவின் காலும் அக்காவின் பொடியும்

என் அக்காவுக்கு யாரும் டாக்டர் பட்டம் கொடுக்கவில்லை. அவளாகவே எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் பின்னால் அவளுடைய கோழிக் கொட்டகை. தகரக் கூரை, சுற்றிலும் கம்பி வலை, தரையில் உமி. ஒரு கோழி தும்மினால் போதும், கொட்டகை முழுவதற்கும் தண்ணீரில் மருந்துப் பொடியைக் கலந்துவிடுவாள். தும்மாவிட்டாலும் கலப்பாள், தும்மிவிடக் கூடாதே என்று. எங்களுக்கும் அதே சட்டம்தான். எனக்குத் தொண்டை வலித்தால், எப்போதோ யாருக்கோ எழுதிக் கொடுத்த மாத்திரையில் மிச்சம் இருப்பது வரும். "ரெண்டு போட்டா போதும்டி. மீதியை வை, யாருக்காவது ஆகும்." நானும் வாயை மூடிக்கொண்டு விழுங்குவேன். அவளிடம் பேசி ஜெயித்தவர்கள் கிடையாது.

அப்படி இருக்கும்போதுதான் அவள் கணவரின், அதாவது எங்கள் மாமாவின், குதிகாலைக் கம்பி வலை கிழித்துவிட்டது. மனுஷருக்குச் சர்க்கரை வேறு. நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம், அக்காவிடம் காட்டினார். அவள் கோழிப் பொடியையே காயத்தில் தூவிக் கட்டிவிட்டாள். "கோழிக்குக் கேக்குறது உங்களுக்குக் கேக்காதா?" கால் வீங்கிச் செருப்புக்குள் போகாமல் போன பிறகுதான் ஆட்டோ பிடித்தோம்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், கேட்கவில்லை. மருந்தை மாற்றினார்கள், அதற்கும் கேட்கவில்லை. சீழைச் சோதனைக்கு அனுப்பி, முடிவு வந்ததும் டாக்டரம்மா எங்களை வெளியே கூப்பிட்டார்.

"சாதாரணமா குடுக்குற மருந்தெல்லாம் இந்தக் கிருமிக்குப் பழகிப்போச்சும்மா, சாக மாட்டேங்குது. இன்னும் ஒரு மருந்து இருக்கு. அதுக்கும் அடங்கலன்னா காலை எடுக்கணும்."

அக்கா யாரும் கேட்காமலே பொடி விஷயத்தைச் சொன்னாள்.

"கோழிகிட்ட இருந்துதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது," என்றார் டாக்டரம்மா. "ஆனா நோயே இல்லாதப்ப மருந்து குடுத்தா, அதுல தப்பிச்ச கிருமிதான் பெருகும். கோழியில பெருகுனது மனுஷனுக்கும் வரும்."

அன்று நாங்கள் வீடு திரும்பியபோது கொட்டகையில் நாலைந்து கோழிகள் தும்மிக்கொண்டிருந்தன. அக்கா பழக்கத்தில் பொடியை எடுத்துவிட்டாள். எடுத்த கையோடு அப்படியே உட்கார்ந்து அழுதாள். "இதைப் போடலன்னா எல்லாம் செத்துருமோடி?"

"கால்நடை டாக்டரைக் கூப்பிடலாம்க்கா," என்றேன். அவள் எதிர்த்துப் பேசாமல் சரியென்று தலையாட்டினாள். அப்போதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது.

வந்தவர் ஒரு பிடி உமியை அள்ளிப் பிழிந்தார். தண்ணீர் சொட்டியது. "குழாய் ஒழுகி உமியெல்லாம் ஊறிக் கெடக்கு. இந்த நெடி உங்க கண்ணை எரிக்கலையா? இதுங்களுக்கு மூக்கு எரியுது, அதான் தும்முது. உமியை மாத்துங்க, காத்து வரட்டும். மருந்து வேண்டாம். நோய்னு நான் சொன்னா மட்டும் குடுங்க, சொன்ன அளவுக்கு முழுசா குடுங்க."

குழாயைச் சரிசெய்து, ஈர உமியை இருவருமாக வாரிக் கொட்டினோம். என் முதுகு ஒடிந்தது. புது உமி போட்டபின் தும்மல் குறைந்து, மெல்ல நின்றே போனது. அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒழுகுற குழாய்க்காடி இத்தனை வருஷமா மருந்து போட்டேன்!"

ஆஸ்பத்திரியில் கடைசி மருந்து வேலை செய்தது. காய்ச்சல் இறங்கியது, வீக்கம் வடிந்தது. கால் தப்பியது என்று டாக்டரம்மா சொன்னபோது, சொல்ல எனக்கென்ன வெட்கம், வராந்தாவில் நின்று ஓவென்று அழுதேன்.

புண் முழுக்க ஆறிய பிறகு, மாமா லேசாக விந்தியபடி முதல் வேலையாகக் கொட்டகைக்குக் கிளம்பினார். அக்கா வாசலை மறித்தாள்.

"உள்ளே போக இப்ப தனிச் செருப்பு. முதல்ல காலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க."

"எந்தக் காலை?" என்றார் மாமா, வம்புக்கு.

"ரெண்டையும்தான். ரெண்டும் இருக்குல்ல?"

சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. மாமா குனிந்து, இரண்டு கால்களையும் கழுவினார்.