வெள்ளைக்கண் மைனா

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பவர்கள் நேரே வீட்டுக்கு வரமாட்டார்கள். கோயிலில் தற்செயலாகச் சந்தித்ததுபோல இரண்டு பகுதியும் நடிக்கும். பிடிக்காவிட்டால் யாருக்கும் மானம் போகாதாம். எனக்கு அந்த நடிப்பே அருவருப்பு. ஆனாலும் போன வருடம் மடத்துவெளியிலிருந்து நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் பச்சைச் சீலை உடுத்திக்கொண்டு போனேன். முப்பது தாண்டிவிட்டது. என் பூனைக்கண்ணைச் சாட்டாக வைத்து ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் அம்மா படுத்துவிடுவா. அப்பா அம்மாவோடு துணைக்குத் தங்கையும் வந்தாள்.

மாப்பிள்ளைக்குக் கென்யாவில், வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பறவைகள் காட்டும் வேலை. கும்பிட்டு முடிந்து, திரும்பும் படகுக்காக இறங்குதுறையில் நின்றபோது அப்பாவிடம் தன் போனை நீட்டினார். ஆபிரிக்க மைனாக்கள் இரண்டு. இரண்டுக்கும் முதுகு மினுங்கும் நீலம், வயிறு செம்மஞ்சள். அப்பா இரண்டும் ஒன்றுதானே என்றார்.

“இல்லை மாமா, வடிவாப் பாருங்கோ. இதுக்கு நெஞ்சுக்குக் கீழ வெள்ளைக்கோடு ஓடுது, கண்ணும் வெள்ளை. மற்றதுக்குக் கோடு இல்லை, கண் சிவப்பு. கனபேர் மாறிச் சொல்லிப்போடுவினம். நான் கண்ணைப் பாத்த உடன சொல்லிப்போடுவன்.”

எனக்கு அவரைக் கொஞ்சம் பிடித்துவிட்டது. இவ்வளவு கவனமான ஆள் கிடைத்தால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

அந்த நேரம் அவருடைய தாய் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றா. “தம்பிக்குப் பிடிச்சிருக்கு. அந்த நீலச்சீலைப் பிள்ளை நல்ல வடிவு.”

நீலச்சீலை உடுத்தியிருந்தது தங்கை. என் படமோ மாதக்கணக்காக அவருடைய போனில் இருந்தது.

அம்மா மெல்லத் திருத்தினா. “அது இளையவள். பேசினது மூத்தவளுக்கெல்லோ.”

அந்த மனுசி கொஞ்சமும் கூசவில்லை. “ஓ, அப்பிடியே? ரெண்டும் ஒரே சாடைதானே. எதெண்டாலும் எங்களுக்கு ஓம்தான்.”

சந்தையில் மீன் வாங்குகிறவர்கள்கூட ஒட்டி மீனா ஓரா மீனா என்று பார்த்துத்தான் வாங்குவார்கள். தாய் சொன்னதைக் கேட்டும் கேளாதவர்போல மாப்பிள்ளை மைனாப் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

நான் தங்கையையும் இழுத்து, முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு அவரிடம் கேட்டேன். “கண்ணைப் பாத்த உடன சொல்லுவன் எண்டனீங்கள். எங்கள் ரெண்டு பேரில பூனைக்கண் ஆருக்கு?”

திரும்பிப் பார்த்தபோது அவர் தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

படகு வந்து அணைந்தது. அம்மாதான் முதலில் ஏறினா. ஏறி, என் கையைப் பிடித்து இழுத்து உள்ளே விட்டுவிட்டு, பின்னால் வந்த அந்தத் தாயிடம் சொன்னா:

“நீங்கள் அடுத்த படகில வாருங்கோ.”