ஹெல்லெவி பார்த்த ஏரி வீடுகள்

குவோப்பியோ நகரில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களில் பாதிப் பேருக்கு ஹெல்லெவி தியாய்னெனைத் தெரிந்திருக்கும். ஓட்டுநர் பள்ளியில் வேலை. பழகுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடியே பாதி ஆயுளைக் கழித்துவிட்டாள். அந்தப் பழக்கம் வேலை முடிந்தாலும் விடவில்லை. கணவன் இல்போ ஓட்டும்போதும் அவள் வலது கால் வெறும் தரையை அழுத்தும்.

“உங்கம்மா சர்ச்சுல உக்காந்திருந்தாலும் பிரேக் போடுவா,” என்று இல்போ மகள் தூலியிடம் சொல்லுவான்.

தூலி வேலைக்காகத் தாம்பெரே போனதிலிருந்துதான் வீட்டில் இந்தப் பேச்சு ஆரம்பித்தது. ஏரிக்கரையில் ஒரு விடுமுறை வீடு வாங்க வேண்டும். பக்கத்திலேயே பனிச்சறுக்கு மலையும் வேண்டும். இல்போவின் கணக்கு எளிமையானது. ஏரி இருந்தால் கோடையில் அவனுக்குப் படகும் தூண்டிலும் போதும். மலை இருந்தால் குளிர்காலத்தில் தூலி தன் சிநேகிதர்களோடு வந்து இறங்குவாள். மூன்று பேரும் ஒரு கூரையின் கீழ் சாப்பிடலாம். ஹெல்லெவியும் முழு மனதோடு தலையாட்டினாள். மற்ற இருவரையும்விட அவள்தான் அதிகம் பறந்தாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கைப்பேசியில் விற்பனைக்கு வந்த வீடுகளைத் தேடுவாள். சனிக்கிழமை காலை காப்பி குடித்து முடிப்பதற்குள் காலணியை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள்.

ஆனால் எந்த வீடும் அவளுக்குத் தேறவில்லை. ஒன்றில் கரை முழுக்க நாணல். இன்னொன்றில் சாயங்கால வெயில் எதிர்க்கரைக்காரனுக்குப் போகிறது. மூன்றாவது மலையடிவாரத்தில் இருந்தது. தூலிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

“அம்மா, கதவைத் திறந்தா சறுக்கு மலை! இதுக்கு மேல என்னம்மா வேணும்?”

“மலையடியில இருக்கிற குடிக்கிற கடையில போடுற பாட்டு இங்க வரைக்கும் கேக்குது. காது என்ன செவிடா?”

“எனக்குக் கேக்கலையே.”

“உனக்குப் பாட்டு கேக்காது, நான் சொல்றதும் கேக்காது.”

ஒரு வீட்டில் சவுனா என்கிற நீராவிக் குளியலறை தண்ணீரிலிருந்து தள்ளி இருந்தது. வியர்த்து வெளியே வந்து ஏரியில் விழுவதற்குள் உடம்பு ஆறிப்போகும் என்றாள். அடுத்த வீட்டில் சவுனா தண்ணீரை ஒட்டியே இருந்தது. வசந்தத்தில் வெள்ளம் ஏறும் என்றாள். தரகர் ஒருவர் அவள் பெயரைத் திரையில் கண்டாலே போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

இப்படியே மூன்றாவது குளிர்காலமும் வந்தது. தூலி கூட வருவதை விட்டுவிட்டாள். இல்போ மட்டும் பேசாமல் ஓட்டிக்கொண்டு போவான், பேசாமல் திரும்பி வருவான். அவன் வெந்நீர்க் குழாய் பொருத்துகிறவன். வீட்டுக்காரர்கள் கத்தக் கத்தத் தரையில் படுத்து வேலை செய்து பழகியவன். வாக்குவாதம் அவனுக்கு வராது.

மார்ச் மாதம் நில்சியாவுக்கு அப்பால் ஒரு வீட்டைப் பார்க்கக் கிளம்பினார்கள். பாதி வழியில் இல்போ சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்:

“இதுதான் கடைசி, ஹெல்லெவி. இதுக்கப்புறம் நீ தனியா போய்ப் பாத்துக்கோ.”

“கோவமா?”

“கோவம் இல்ல. இடுப்பு வலிக்குது.”

அவள் கால் தரையை அழுத்தியது.

வீட்டை விற்கிறவன் கிம்மோ என்கிற நடுவயதுக்காரன். விவாகரத்து ஆகிவிட்டது, தனியாக வந்து இருக்கப் பிடிக்கவில்லை என்று கேட்காமலேயே சொன்னான். சிவப்பு வண்ணம் அடித்த மரவீடு. ஜன்னலில் ஏரி, சமையலறைப் பக்கம் மலையின் விளக்குக் கம்பங்கள், நடுவே பைன் மரங்கள். சத்தமில்லை. சவுனா சரியான தூரத்தில் இருந்தது. அடுப்பு புகையவில்லை. ஹெல்லெவி அலமாரிகளைத் திறந்தாள். தரையைக் குதிகாலால் தட்டிப் பார்த்தாள். மச்சுக்கு ஏறி ஈரம் இருக்கிறதா என்று மோந்தாள். குறை ஒன்றும் அகப்படவில்லை. குறை கிடைத்த நாட்களில்கூட அவள் இத்தனை தவித்ததில்லை.

“காப்பி போடட்டுமா?” என்றான் கிம்மோ.

“போடுங்க. நான் ஏரியிலிருந்து வீடு எப்படித் தெரியுதுன்னு பாத்துட்டு வந்துடறேன்.”

சுவரில் சாய்த்து வைத்திருந்த நீளச் சறுக்குக் கட்டைகளை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு உறைந்த ஏரியில் இறங்கினாள். சற்றுத் தூரம் போய் நின்று திரும்பிப் பார்த்தாள். வீடு அழகாகத்தான் தெரிந்தது. அவள் மறுபடி முன்னால் பார்த்துத் தள்ள ஆரம்பித்தாள். எங்கே போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. கைகள் தடிகளை ஊன்றின, கால்கள் வழுக்கின, மூச்சு வாங்கியது. நின்றால் பதில் சொல்ல வேண்டி வரும் என்பது மட்டும் தெரிந்தது.

மார்ச் மாதத்துப் பனியை நம்பக் கூடாது. பனியின் கனத்தில் ஐஸ் அமுங்கி, அடியிலிருந்து தண்ணீர் மேலேறி வெள்ளைக்குள் ஒளிந்து நிற்கும். ஏரியின் நடுவைத் தாண்டியதும் ஹெல்லெவியின் கட்டைகள் அந்தச் சேறுபோன்ற நீரில் இறங்கின. காலைத் தூக்கினால் அடியில் கட்டி கட்டியாக ஐஸ் பிடித்திருந்தது. கட்டைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு தட்டுத் தடுமாறி எதிர்க்கரைப் பக்கம் நடந்தாள். அங்கே ஒரு பெண், வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, ஐஸில் போட்ட துளைக்குள் தூண்டில் விட்டிருந்தாள். ரௌனி என்று பெயர். அந்தக் கரையிலேயே வருஷம் முழுக்க இருப்பவள். அவளுக்குப் பின்னால் வண்ணம் உதிர்ந்த ஒரு வீடு.

“அந்த வீடு உங்களுதா?” என்றாள் ஹெல்லெவி, மூச்சிரைத்தபடி. “விப்பீங்களா?”

ரௌனி அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். “முதல்ல கால் நனைஞ்சிருக்கான்னு பாரும்மா. வீட்டை அப்புறம் வாங்கலாம்.”

அதற்குள் இல்போ வந்துகொண்டிருந்தான். கட்டை இல்லாமல், சாதாரணக் காலணியோடு. ஹெல்லெவி திரும்பி வராததைப் பார்த்து அவன் காப்பியை வைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறான். முழங்கால் வரை நீருக்குள் இறங்கி, ஒரு காலணியை அங்கேயே விட்டுவிட்டு, அதைத் தோண்டி எடுத்துக் கையில் பிடித்தபடி நொண்டி நொண்டி வந்து சேர்ந்தான். முகம் சிவந்திருந்தது.

“எங்க போற?” என்று கத்தினான். அவன் கத்தி அவள் கேட்டதே இல்லை. “எங்க போறேன்னாவது சொல்லு! நீ உள்ள விழுந்துட்டேன்னு நெனச்சேன்!”

“இந்த வீட்டை விசாரிக்க…”

“எந்த வீடும் உனக்கு வேண்டாம்! எனக்குத் தெரியாதா? மூணு வருஷமா ஊர் ஊரா இழுத்துக்கிட்டுப் போற. வீடு வேண்டாம்னு சொல்லு, பரவாயில்ல. ஆனா நான் வேண்டாமான்னு இங்கயே சொல்லிடு. தூலி போயிட்டா. ஏரிக்கரையில என்கூடத் தனியா உக்காந்திருக்க உனக்குப் பயம். அதானே?”

ஹெல்லெவி அவனை நிமிர்ந்து பார்த்தாள். காலணியைக் கையில் வைத்துக்கொண்டு ஈரக் காலுறையோடு ஐஸில் நிற்கும் இந்த மனிதன் இத்தனை நாள் கார் ஓட்டும்போது இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தானா?

“போன வாரமும் ஒரு ஜோடி வந்துச்சு,” என்றாள் ரௌனி தூண்டிலை ஆட்டியபடி. “அவங்க வீட்டுக்குள்ளயே சண்டை போட்டுக்கிட்டாங்க. உங்களோடது பரவாயில்ல, எனக்கும் கேக்குது.”

ஹெல்லெவி அழுதாள். சிரிப்பும் கூடவே வந்தது. இரண்டும் கலந்து என்னவோ சத்தம் வந்தது.

“உன்னால இல்லடா, மடையா,” என்றாள். “நீ இல்லன்னா நான் எந்த வீட்டைத்தான் பாக்கப் போறேன்? நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப அம்மா ஜன்னலுக்குத் துணி தைப்பா. தைச்சு மாட்டி முடிச்சதும் அப்பா வந்து, வேற அணைக்கு மாத்திட்டாங்கன்னு சொல்லுவாரு. எல்லா இடத்துலயும் அப்படித்தான். இது நல்லா இருக்குன்னு நான் என்னைக்குச் சொன்னேனோ, அடுத்த நாள் மூட்டை கட்டினோம். எனக்கு அது பழகிடுச்சு. நல்ல வீட்டைப் பாத்தா ஓடணும்னு தோணுது.”

அவள் அப்பா வடக்கே ஆற்று அணைகளில் வேலை பார்த்தவர் என்பது இல்போவுக்குத் தெரியும். குடும்பம் முகாம் முகாமாக மாறியதும் தெரியும். இதை மட்டும் அவள் சொன்னதில்லை.

“இதை என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது.”

இல்போ காலணிக்குள் இருந்த தண்ணீரைக் கொட்டினான். “என் கால் விறைச்சுப்போச்சு,” என்றான், பழைய குரலில்.

ரௌனி இருவரையும் உள்ளே கூட்டிப்போய் அடுப்பருகே உட்கார வைத்தாள். மீனை உள்ளே வைத்துச் சுட்ட ரை தானிய ரொட்டியைத் தடிமனாக வெட்டிக் கொடுத்தாள். தன் வீட்டை எவ்வளவு கொடுத்தாலும் விற்க மாட்டேன் என்றும், கிம்மோவின் வீட்டுக்கு நல்ல ஆள் வராவிட்டால் அங்கே போய்ப் பேயாக உலாவுவேன் என்றும் சொன்னாள். பிறகு தன் பனி வண்டியில் இரண்டு பேரையும் ஏற்றிக் கரையோரமாகச் சுற்றிக் கொண்டுபோய் விட்டாள். கிம்மோ காப்பியை மூன்றாம் முறை சூடுபண்ணி வைத்திருந்தான்.

அன்று அவர்கள் வாங்கவில்லை. ஹெல்லெவியால் முடியவில்லை. ஒரு கோடைக்கு வாடகைக்குக் கொடுங்கள், பிறகு சொல்கிறோம் என்று இல்போ கேட்டான். கிம்மோ ஒப்புக்கொண்டான். ஜூன் மாதம் வந்தார்கள். முதல் வாரம் முழுக்க ஹெல்லெவி ஓரிடத்தில் உட்காரவில்லை. விறகை அடுக்கினாள், கலைத்து மறுபடி அடுக்கினாள், படகுத்துறையின் பலகைகளைத் தேய்த்தாள், இல்லாத எறும்பைத் தேடினாள். இல்போ தடுக்கவில்லை. படகில் உட்கார்ந்துகொண்டு, “இந்தப் பக்கம் ஒரு இடம் அழுக்கா இருக்கு பாரு,” என்று சீண்டுவான். அவள் துடைப்பத்தை எடுத்து எறிவாள்.

ஆகஸ்டில் பத்திரம் பதிந்தார்கள். கையெழுத்துப் போடும்போது அவள் வலது கால் தரையை அழுத்தியது. இல்போ பார்க்காததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

குளிர்காலத்தில் தூலி நான்கு சிநேகிதர்களோடு வந்து இறங்கினாள். ஈரக் கையுறைகளும் கால்சட்டைகளும் அடுப்பைச் சுற்றித் தொங்கின. சமையலறையில் நிற்க இடமில்லை. ஹெல்லெவி சால்மன் சூப்பைக் கிளறிக்கொண்டே கைப்பேசியை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

“என்னம்மா பாக்கற?”

“ஒண்ணுமில்ல. சோட்கமோ பக்கம் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கு.”

“அப்பா!” என்று தூலி அலறினாள்.

“பாக்கட்டும் விடு,” என்றான் இல்போ கிண்ணத்தை நீட்டியபடி. “எனக்கு உருளைக்கிழங்கு கொஞ்சம் அதிகமா போடு.”