மாமா கழற்றாத ஷூ

எங்கள் வகுப்புக்கு ஒரு காலத்தில் சண்டைக் கேள்விப் பித்துப் பிடித்திருந்தது. சண்டை என்றால் எங்கள் சண்டை அல்ல. பானிபட், வாட்டர்லூ, சியாச்சின். குன்னூரில் பல பிள்ளைகளுக்கு அப்பா பட்டாளத்தில் இருப்பார். அதனால் மற்ற ஊர்ப் பிள்ளைகள் கிரிக்கெட் அட்டை மாற்றிக்கொள்ளும் வயதில், நாங்கள் பள்ளிக் குழாயடியில் நின்று போர்களை மாற்றிக்கொண்டோம். நான் கேட்டு உனக்குத் தெரியாவிட்டால், உன்னிடமுள்ள புதுக் கேள்வி ஒன்றை எனக்குத் தர வேண்டும். கேட்டவரே பதிலை நிரூபிக்க முடியாமல் விழித்தால், அந்தப் பருவம் முழுக்க ஆட்டத்தில் சேர்க்க மாட்டோம். இந்தச் சட்டத்தைப் போட்டவள் ஹவில்தார் மகள் வனிதா. அவளுக்கென்ன, கேள்வி வீட்டிலேயே விளைந்தது.

என் அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. போரைப் பற்றிக் கேட்டால் மேனேஜரைப் பற்றிச் சொல்வார். எனக்கு இருந்த ஒரே கதி மாமா, அம்மாவின் தம்பி. ஊட்டிப் பக்கம் காந்தலில் குடியிருந்துகொண்டு கேரட் கழுவும் இடத்தில் வேலை பார்த்தார். ஒட்ட வெட்டிய முடி, விடிவதற்குள் ஓட்டம், எந்நேரமும் காலில் ஷூ. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே அவர் பட்டாளத்தில் சேரப் போகிறார் என்றுதான் வீட்டில் பேச்சு. சேரப் போகிறவருக்குப் போர் தெரியாமல் இருக்குமா?

தெரியவில்லை. அதுதான் கொடுமை. கேள்வி சொல்லுங்கள் என்றால், மூச்சை இழுத்தால் நெஞ்சு எவ்வளவு விரிய வேண்டும் என்று கேட்பார். இன்னொரு நாள், தாண்ட வேண்டிய பள்ளம் எத்தனை அடி என்பார்.

"ஏனுங்க மாமா, அதுல யாரு யாரோட சண்ட போட்டாங்க?" என்று பல்லைக் கடிப்பேன்.

"அதெல்லாம் உள்ள போனப்பறம் சொல்லித் தருவாங்க கண்ணு" என்று சிரிப்பார். நெப்போலியன் ஜெயித்தாரா தோற்றாரா என்றுகூடத் தெரியாத மனிதரை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது?

ஒரு வாரம் என் கையில் புதுக் கேள்வி ஒன்றுகூட இல்லை. வீட்டுக்கு வந்த மாமாவை விடாமல் நச்சரித்தேன். கடைசியில், எப்படிப்பட்ட கால் இருந்தால் பட்டாளத்தில் எடுக்க மாட்டார்கள் என்று கேட்கச் சொன்னார். பதில், தட்டைப் பாதம். காலை நனைத்துச் சிமென்டில் வைத்தால் நடுவில் வளைவே இல்லாமல் முழுசாகப் பதியுமாம். சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். இதுவும் போரில்லை என்று எரிச்சலாக இருந்தாலும் வேறு வழியில்லை.

குழாயடியில் ஒருத்திக்கும் பதில் தெரியவில்லை. நான் ராணியாக இருந்தது அந்த ஒரு நிமிடம்தான். உடனே வனிதா நிரூபிக்கச் சொன்னாள். பட்டாளத்தில் சேரப் போகிற என் மாமாவே சொன்னது என்றேன், அவள் விடவில்லை. அந்தக் குளிரில் எல்லோரும் ஷூவைக் கழற்றி, காலை நனைத்து, வரிசையாகச் சிமென்டில் வைத்துப் பார்த்தோம். எல்லாத் தடமும் நடுவில் ஒடுங்கியே விழுந்தது.

"முழுசாப் பதியற காலே கெடையாது. உங்க மாமா கத உடறாரு. சனிக்கெழம அவரக் கூட்டிட்டு வா" என்றாள் வனிதா.

எதற்கென்று மாமாவிடம் நான் சொல்லவில்லை. தோழிகள் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். சனிக்கிழமை பள்ளி விட்டதும், இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஒரு பொட்டலம் வர்க்கியுமாகக் குழாயடிக்கு வந்தார். எல்லோரும் வரிசையாக நின்று சல்யூட் அடித்தோம். அவரும் விறைப்பாக நின்று பதில் சல்யூட் வைத்தார். மனிதருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

வனிதா ஒரு மக் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். "மாமா, எங்க காலெல்லாம் பாத்தாச்சு. உங்களுது மட்டுந்தான் பாக்கி. ஷூவக் கழட்டி ஒரு அடி வைங்க."

மாமா குனிந்தார். ஷூ நாடாவைப் பிடித்தார். பிறகு, அவிழ்க்காமல் இன்னும் இறுக்கிக் கட்டினார்.

"பஸ் வந்துருச்சு கண்ணு" என்றார். சாலையில் பஸ்ஸும் இல்லை, ஒன்றும் இல்லை. வர்க்கிப் பொட்டலத்தைக் குழாய்த் திண்டில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வேகமாகப் போய்விட்டார். வனிதா என்னை அவுட் என்றாள். பொட்டலத்தைப் பிரித்து வர்க்கியை மட்டும் எல்லோருமாகத் தின்றார்கள்.

வீட்டுக்குப் போய்ப் பையை எறிந்தேன். இனி மாமா முகத்திலேயே விழிக்க மாட்டேன், ஒரு ஷூவைக் கழற்றக்கூடத் துப்பில்லை என்று கத்தினேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"அவன ஷூவக் கழட்டச் சொன்னீங்களா?"

அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. "பட்டாளத்துக்கு ஆளெடுக்கறப்ப ஒவ்வொருக்காவும் ஓட்டத்துல அவன்தான் மொதல்ல வருவான். எல்லாத்துலயும் பாஸாயிருவான். கடைசியில டாக்டரு காலப் பாத்துட்டு வெளிய போகச் சொல்லிருவாரு. போன மாசத்தோட வயசும் தாண்டிருச்சு. இனி அவனால போகவே முடியாது" என்று சொல்லி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும் கேட்டேன். எனக்கு மறுபடியும் ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்ப மாமா காலு முழுசாப் பதியுமா?"

அம்மா தலையாட்டினாள்.

"அப்பறம் ஏம்மா காட்டல? ஒரே ஒரு அடி வெச்சிருந்தா நான் ஜெயிச்சிருப்பனே!" என்று தரையை உதைத்து உதைத்து அழுதேன்.