மச்சான் பார்க்காத சீட்டு

பெர்மாஸ் ஜெயா குடியிருப்பில் என் அக்கா வீடு. மாதம் ஒரு ஞாயிறு, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் போக்கர் ஆடுவோம். காசு வைப்பதில்லை. காசுக்குப் பதில் சிப் எனும் பிளாஸ்டிக் வில்லைகள்தான். கடைசி இருவரில் தோற்றவர் எல்லாருடைய தட்டையும் கழுவ வேண்டும்.

அன்று கடைசியில் மிஞ்சியது நானும் அக்காவின் கணவரும். அவரை மச்சான் என்று கூப்பிடுவேன். தொழிற்சாலை பஸ் ஓட்டுபவர். பக்கத்து வீட்டுக்காரர் சீட்டுப் போட்டார்.

இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே வைக்க வேண்டிய கட்டாயப் பந்தயம், இரட்டிப்பாகும். இருவரிடமும் தலா எட்டு பிளைண்டுக்குத்தான் சிப் இருந்தது. அந்த நிலைமையில் கொஞ்சம் ஏற்றிப் பார்த்துவிட்டுப் பின்வாங்குவது முட்டாள்தனம். நல்ல சீட்டுக்குக் காத்திருந்தால் பிளைண்டே நம்மைத் தின்றுவிடும். ஒன்று மொத்தத்தையும் தள்ள வேண்டும், இல்லையென்றால் சீட்டைக் கீழே வைத்து விலகிவிட வேண்டும். எதிரில் ஒரே ஆள் என்பதால் சுமாரான சீட்டே போதும்.

இதையெல்லாம் நான் பல தடவை சொல்லியும் மச்சான் கேட்டதில்லை. சீட்டை மூக்கருகே பிடித்து, நிமிடக்கணக்கில் யோசிப்பார். அன்று சீட்டைத் தூக்கக்கூட இல்லை. முனையை லேசாக மடக்கிவிட்டு, "ஆல் இன்" என்று எல்லாவற்றையும் தள்ளினார். அடுத்த இரண்டு முறையும் அப்படியே. கடைசியில் புரிந்துகொண்டாரே என்று சந்தோஷப்பட்டேன். மூன்று தடவை விட்டுக்கொடுத்ததில் என்னிடம் ஐந்து பிளைண்ட்தான் மிச்சம்.

நான்காவது தடவை எனக்கு ஏஸும் ஒன்பதும் வந்தன. இதற்கு மேல் காத்திருக்க முடியாது. "சரி, பார்க்கலாம்" என்றேன்.

மச்சான் சீட்டைத் திருப்பிப் போட்டார். "ரெண்டு கிங்!"

மேசையில் கிடந்தது ஒரு கிங், ஒரு ஜேக்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். நடுவில் ஐந்து பொதுச் சீட்டும் விழுந்தன. அதில் ஒரு ஒன்பது, எனக்கு ஜோடி சேர்ந்தது. நான்தான் ஜெயித்தேன். அவரோ சிரித்துக்கொண்டே சிப்பை வாரத் தொடங்கினார்.

"அலமாக், ஐயோ, அது ஜேக் லா!" என்று பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார்.

மச்சானின் கை நின்றது. அந்தச் சீட்டை எடுத்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, கடைக்கண்ணால் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். வெளியே வேப்பமரத்தடியில் அவருடைய பஸ் நின்றது. நாற்பது பேர் உட்காரும் பஸ்.

அடுத்த இரண்டு ஆட்டத்தில் கதை முடிந்தது. அவர் தட்டுக் கழுவப் போனார். நான் பின்னால் போய் நின்றேன்.

"எத்தன நாளா மச்சான்?"

"என்னது எத்தன நாளா?"

"கண்ணு."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. "இடது கண்ணுல ஒரு மாசமா கறுப்பு நூல் மாதிரி ஓடுது. வலது கண்ணு இந்த வாரந்தான். சரியாயிடும் தம்பி."

"பஸ்ஸ எப்படி ஓட்டுறீங்க?"

"பதினாலு வருசமா அதே ரோடு. மனசுலயே இருக்கு. அக்காகிட்ட சொல்லிடாத."

அவர் கழுவி வைத்த தட்டுகளில் குழம்புக் கறை அப்படியே இருந்தது.

நான் சொல்லிவிட்டேன். அக்கா ஆணியில் தொங்கிய பஸ் சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். பிறகு முதலாளிக்குப் போன் செய்து, நாளைக்கு வேறு டிரைவரை அனுப்பச் சொன்னாள். மச்சான் என்னைப் பார்த்து, "நீ இனிமே இந்த வீட்டுக்கு வராத" என்றார்.

மறுநாள் மருத்துவமனையில், சர்க்கரையால் இரண்டு கண்ணுக்குள்ளும் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். ஊசி, லேசர் என்று மாதக்கணக்கில் போனது. வலது கண் ஓரளவு தேறியது. இடது தேறவில்லை. பஸ்ஸை அவர் திரும்பத் தொடவே இல்லை.

அவர் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்த தொழிற்சாலைப் பெண் ஒருத்தி, அவரைப் பார்க்க வந்தபோது, அக்காவிடம் ஒன்று சொல்லியிருக்கிறாள். அந்த ஞாயிறுக்கு முந்தின வாரம், விடியற்காலையில், வளைவு ஒன்றில் பஸ் எதன் மீதோ ஏறி இறங்கியதாம். நாயைத் தவிர்க்க வண்டியை ஒடித்தார் போல என்று நினைத்து எல்லாரும் மறுபடியும் தூங்கிவிட்டார்களாம்.

ஏழெட்டு மாதம் கழித்து மச்சானே எனக்குப் போன் செய்தார். நலம் விசாரிக்கவில்லை.

"தம்பி, அந்த வளைவுல யாரும் நிக்கலதானே?"

"யாரும் இல்ல மச்சான். ரோட்டோரத் திட்டுல ஏறியிருக்கும்" என்றேன்.

நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரிக்க இன்றுவரை துணிவு வரவில்லை.